வலுவூட்டலா, அதிகாரமளித்தலா? – ஓர் ஆங்கில வினைச்சொல்லும் நமது மொழிபெயர்ப்பும்

1

சொற்களைப் பற்றிய வாதத்தைச் சொற்சிலம்பம் என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ‘பொருள் விளங்கினாற் போதாதா, எந்தச் சொல்லாயிருந்தால் என்ன?’ என்று கேட்பர். அன்றாடப் புழக்கத்திலுள்ள பெரும்பாலான சொற்களைப் பொறுத்தவரை இக்கேள்வி நியாயமானதே. ஆனால், ஒருவிதமாக மொழிபெயர்த்தாற் கோரிக்கையாகவும், மற்றொரு விதமாக மொழிபெயர்த்தால் உபகாரமாகவும் மாறிவிடும் சொற்களும் உள. அத்தகைய சொல்லொன்றைப் பற்றியே இக்கட்டுரை வாதிட முற்படுகின்றது. ஆங்கிலத்தில் ‘எம்பவர்’ என்பது அவ்வினைச்சொல். இலங்கைத் தமிழில் அதற்கு நாம் வழங்கிவரும் சொல் ‘வலுவூட்டல்’.

இச்சொல் இன்று எங்குமுளது. பிரதேச செயலகத்தின் வாயிலிலே தொங்கும் பதாகையில் அது உண்டு. அரசசார்பற்ற நிறுவனங்களின் செயலமர்வு அழைப்பிதழ்களில் உண்டு. கடன் வழங்கும் கம்பனிகளின் விளம்பரங்களில் உண்டு. நமது பட்டதாரி மாணவரின் ஆய்வேட்டுத் தலைப்புகளிலும் உண்டு. அமைச்சுகளின் பெயர்களிலேகூட ‘சமூக வலுவூட்டல்’ இடம்பெற்றதுண்டு. பெண்களை வலுவூட்டல், இளைஞரை வலுவூட்டல், கிராமங்களை வலுவூட்டல் என அதன் ஆட்சிப்பரப்பு விரிந்துகொண்டே செல்கின்றது. அதனை எதிர்ப்பார் எவருமிலர். ஆள்வோரும் ஆளப்படுவோரும், கடன் கொடுப்போரும் கடன்படுவோரும் ஒருங்கே புகழ்ந்துரைக்கும் ஒரு சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிப்பது பல்கலைக்கழகத்தில் மொழி கற்போரின் கடமையாகும்.

என் வாதத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். ‘எம்பவர்’ என்பது பலப்படுத்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகளின் வரிசையிலே வைத்தெண்ணப்படுகின்றது. ஆயினும், அதன் பிறப்பும் நெடுங்கால வழக்கும் பலத்தைப் பற்றியனவல்ல, அதிகாரத்தைப் பற்றியன. ‘வலுவூட்டல்’ என்னும் மொழிபெயர்ப்பு, அதிகாரம் என்ற கருத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. இதனால் நேர்ந்த நட்டம் மொழிக்கு மாத்திரம் உரியதன்று. இச்சொல்லின் பேரால் அழைக்கப்படும் மக்களுக்கும் உரியது.

2

ஆங்கிலத்திலே பலப்படுத்தலைக் குறிக்கும் வினைகள் பல உள. ‘ஸ்ட்ரெங்தென்’ என்பது பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த நாட்டுச் சொல். உடலையும் சுவரையும் நட்பையும் வாதத்தையும் அதனால் உறுதியாக்கலாம். ‘போர்ட்டிபை’ என்பது ‘வலிய’ என்றும் ‘செய்தல்’ என்றும் பொருள்படும் இரு இலத்தீன் கூறுகளால் ஆனது. நகருக்கு அரண் அமைத்தலைக் குறித்த அச்சொல், இன்று உணவுமாவுடன் இரும்புச்சத்தைச் சேர்ப்பதையும் குறிக்கின்றது. ‘றீஇன்போர்ஸ்’ என்பது போர்முனையில் நிற்கும் படைக்கு மேலதிகப் படை அனுப்புதலையும், கொங்கிறீற்றுக்குள் உருக்குக் கம்பி வைத்துக் கட்டுதலையும் சுட்டும். ‘கொறொபறேற்’ என்பதன் உள்ளே இலத்தீனில் கருவாலி மரத்தையும் அதன் வைரத்தையும் குறிக்கும் சொல் ஒளிந்துள்ளது. சாட்சியமொன்றை மற்றொரு சாட்சியத்தால் உறுதிப்படுத்தும்போது அவ்வினை வழங்கும்.

இவ்வினைகளுக்கெல்லாம் பொதுவான இயல்பொன்று உண்டு. ஏற்கெனவே உள்ள ஒன்றுக்கு இவை உறுதி சேர்க்கின்றன. அதன் நிலையை மாற்றுவதில்லை. பலப்படுத்தப்பட்ட சுவர் சுவராகவே இருக்கும். மேலதிகப் படை வந்துசேர்ந்த பின்னரும் சிப்பாய் சிப்பாயே, அவன் தளபதியாகிவிடுவதில்லை.

‘எம்பவர்’ இவற்றினின்றும் வேறுபட்டது. அதன் வேர்ப்பகுதியாகிய ‘பவர்’ என்பது இலத்தீனில் ‘இயலுதல்’ எனப் பொருள்படும் ‘பொசெ’ என்ற வினையின் வழிவந்து, பழைய பிரெஞ்சினூடாக ஆங்கிலத்திற் புகுந்தது. அதாவது, பெயர்ச்சொல்லாக இன்று நாம் காணும் ‘பவர்’ பிறப்பிலே ஒரு வினை. ஏதேனுமொன்றைச் செய்ய இயலுதலே அதன் கருப்பொருள். அதன் முன்னொட்டாகிய ‘எம்’ என்பது ‘உள்ளே’ எனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டின் பிரெஞ்சு வடிவம். இம்முன்னொட்டு ஆங்கிலத்தில் இருவகையாகத் தொழிற்படும். ஒருவரை அரியணையில் ஏற்றுவதைச் சொல்லும் ‘என்த்ரோன்’ என்ற வினையில், ஆள் பொருளுக்குள் வைக்கப்படுகின்றார்; ஒருவருக்குத் துணிவு தருவதைச் சொல்லும் ‘என்கறேஜ்’ என்ற வினையில், பொருள் ஆளுக்குள் வைக்கப்படுகின்றது. ஆகவே, ‘எம்பவர்’ என்பது அரியணையைப் போன்றதா, துணிவைப் போன்றதா என்பதை முன்னொட்டைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. வழக்கைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

வழக்கு யாது? 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டியபோது, அது சட்டத்தினதும் ஆட்சியினதும் சொல்லாகவே வந்தது. அரசன் ஆணையாளனுக்கும், பாராளுமன்றம் அலுவலருக்கும் ஒரு கருமத்தைச் செய்யும் உரித்தை வழங்குவதை அது குறித்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பழைய சட்டங்களிலே, உரித்தளித்தலைக் குறிக்கும் மற்றொரு வினையுடன் இணைந்து இரட்டைக் கிளவிபோல அது திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியும், ஒரு நோக்கத்தின்பொருட்டு அதிகாரம் வழங்குதல் என்பதையே முதற் பொருளாகத் தந்தது. இயற்கையான ஆற்றலைத் தருதல் என்பது அங்கு இரண்டாவது பொருளே. ஆற்றல் பற்றிய அவ்விரண்டாம் பொருளை நான் மறைக்க விரும்பவில்லை. முதற் பொருளை மறைத்தோரோடு மட்டுமே எனது வழக்கு.

3

இனி இச்சொல்லின் இலக்கணத்தை நோக்குவோம். சட்ட வழக்கில் இவ்வினை வருமிடமெல்லாம் மூன்று இடங்கள் நிரப்பப்படும். அளிப்பவர் யார், பெறுபவர் யார், செய்யப்படவேண்டிய கருமம் யாது என்பனவே அம்மூன்றும். ‘இன்னார் இன்னாருக்கு இன்னதைச் செய்ய அதிகாரமளிக்கின்றார்’ என்பதே அதன் முழுமையான வாக்கியம். மூன்றாவது இடம் வெறுமையாக விடப்பட்டால், அவ்வாவணம் எந்த நீதிமன்றிலும் செல்லாது.

இதனை விளங்கிக்கொள்ள இலண்டனுக்குச் செல்லவேண்டியதில்லை. நமது ஊர்களில் ‘அற்றோணித் தத்துவம்’ எழுதாத குடும்பங்கள் அரிது. வெளிநாடு சென்ற மகன், இங்குள்ள காணியை விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ தாயின் பெயருக்கு அற்றோணி எழுதியனுப்புகின்றான். அதில் எந்தக் காணி, அதன் எல்லைகள் யாவை, விற்கலாமா, குத்தகைக்கு மாத்திரம் கொடுக்கலாமா என்பன ஒவ்வொன்றாக எழுதப்படும். அன்றுதொட்டு அத்தாயின் கையொப்பம் மகனின் கையொப்பத்துக்கு நிகராகும். ‘எம்பவர்’ என்ற வினையின் தூய வடிவம் இதுவே. இந்நிகழ்ச்சியை ‘மகன் தாயை வலுவூட்டினான்’ என எவரேனும் கூறின், கேட்போர் அவன் தாய்க்குச் சத்துணவுப் பேணி அனுப்பினான் என்றே கொள்வர்.

இலங்கைச் சட்டத் தமிழ் இவ்விடயத்தில் விழிப்பாகவே இருந்துவந்துள்ளது. அத்துறையினர் சட்டரீதியான ‘பவர்’ என்பதைத் ‘தத்துவம்’ என்றும், அதனை வழங்குதலைத் ‘தத்துவமளித்தல்’ என்றும் எழுதினர். அச்சொல் பொதுமக்களுக்கு எளிதில் விளங்குவதன்று. மெய்யியலிலும் அது வேறு பொருளில் வழங்குவதால் மயக்கத்துக்கும் இடமுண்டு. எனினும் ஒன்றை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். சட்டம் ஓர் அலுவலருக்கு வழங்குவது உடல் வலுவன்று என்பதே அது.

4

சட்ட நூல்களுள் அடங்கிக் கிடந்த இச்சொல் பதாகைக்கு வந்த வரலாறு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. 1966ஆம் ஆண்டு யூன் மாதம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடைபெற்ற பேரணியின்போது ஸ்டோக்லி கார்மைக்கேல் ‘பிளாக் பவர்’ என்ற முழக்கத்தை எழுப்பினார். அங்கு கோரப்பட்டவை வாக்கும் பதவியும் சொந்த நிறுவனங்களும் ஆகும். அதனைக் ‘கறுப்பு வலு’ என மொழிபெயர்த்தால் உடற்பயிற்சிக் கழகமொன்றின் பெயரென்றே தோன்றும். பத்தாண்டுகளின் பின், 1976இல், பார்பரா சொலமன் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களிடையே சமூகப்பணி ஆற்றுதல் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலே ‘எம்பவர்மென்ற்’ இடம்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டே, 1977இல், பீற்றர் பேகரும் றிச்சார்ட் ஜோன் நியூஹவுசும் எழுதிய சிறு நூலொன்று இவ்வினையைத் தன் தலைப்பிற் சூடிக்கொண்டது. அதனை வெளியிட்டது பழைமைபேண் சிந்தனையாளரின் நிறுவனம். ஓராண்டு இடைவெளியில் இருவேறு முகாம்கள் ஒரே சொல்லைக் கையேற்றமை மனங்கொள்ளத்தக்கது.

1980களில் மூன்றாம் உலகப் பெண்கள் இச்சொல்லுக்கு மிகுந்த ஆழத்தைக் கொடுத்தனர். 1984இல் பெங்களூரில் உருவாகிய ‘டோன்’ என்னும் அமைப்பினைச் சார்ந்த கீதா சென் போன்றோர், நிலம், கடன், கூலி, அரசு ஆகியவற்றின் மீது யாருக்குக் கட்டுப்பாடு உண்டு என்ற கேள்வியோடு பெண்களின் நிலையை இணைத்தனர். இங்கு இச்சொல்லின் இலக்கணத்திலேயே மாற்றமொன்று நிகழ்ந்தது. அளிப்பவர் என்ற முதலிடம் கேள்விக்குட்படுத்தப்பட்டது. மேலிருந்து ஒருவர் அளிக்கும்வரை காத்திராமல், ஒடுக்கப்பட்டோர் தாமே திரண்டு அதிகாரத்தைப் பெறுதல் என்ற பொருள் பிறந்தது. பழைய சட்ட வினையின் குறையொன்றை இவ்வியக்கங்கள் திருத்தின எனலாம். ஆயினும், அதிகாரம் என்ற கருவை அவை கைவிடவில்லை.

அதனைக் கைவிட்டோர் பின்னர் வந்தோராவர். 1995இன் பெய்ஜிங் மாநாட்டுக்குப் பின்னர் இச்சொல் அரசுகளின் ஆவணங்களிலே நிலைபெற்றது. உலக வங்கியின் 2000/2001ஆம் ஆண்டு அபிவிருத்தி அறிக்கை, வறுமையை எதிர்ப்பதற்கான மூன்று தூண்களுள் ஒன்றாக அதனை நிறுத்தியது. முகாமையியல் நூல்கள் தொழிலாளருக்கும் அதனை ஓதின. இவ்வாறு பரவப் பரவ, மூன்றாவது இடம் வாக்கியத்திலிருந்து உதிர்ந்தது. ‘பெண்களை எம்பவர் செய்தல்’ என்று கூறி வாக்கியத்தை முடித்துவிட்டனர். எதைச் செய்ய? அதற்கு விடையில்லை. 2007ஆம் ஆண்டிலே இந்தியப் பெண்ணிலைவாதியான சிறிலதா பட்லிவாலா, இச்சொல்லினின்றும் அதிகாரம் உருவியெடுக்கப்பட்டுவிட்டது எனக் கட்டுரை எழுதினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தெற்காசியாவிலே இக்கருத்தை விளக்கி எழுதியவரும் அவரே என்பதால், அவரது ஏமாற்றத்துக்குத் தனிப் பெறுமதி உண்டு.

5

ஆங்கிலத்தில் இவ்வாறு உருவியெடுக்கச் சில தசாப்தங்கள் தேவைப்பட்டன. தமிழில் அந்தச் சிரமமும் இருக்கவில்லை. மொழிபெயர்ப்பே அவ்வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டது.

‘வலு’ எங்கிருந்து வந்தது? நமது பாடசாலைப் பௌதிகத்தில் விசை, சக்தி, வலு என மூன்று கலைச்சொற்கள் உள. வேலை செய்யப்படும் வீதமே வலு. வாற்று அதன் அலகு. மின்வலு என்பதும் இவ்வழியே அமைந்தது. பௌதிகத்தைப் பொறுத்தவரை இது செம்மையான கலைச்சொல். அதனை ஆக்கியோருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆனால், சமூகத்தில் ஒருவரது சொல் மற்றொருவரைக் கட்டுப்படுத்தும் உறவினை வாற்றுக் கணக்கில் அளத்தல் இயலுமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘பவர்’ என ஒரே சொல் இருப்பது அம்மொழியின் தற்செயல். அத்தற்செயலைத் தமிழிலும் காப்பாற்றவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

‘ஊட்டு’ என்ற பகுதியோ இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ‘உண்’ என்பதன் பிறவினை அது. தாய் பிள்ளைக்குச் சோறூட்டுகின்றாள். கமக்காரன் நிலத்துக்கு உரமூட்டுகின்றான். ஊட்டுபவர் எப்போதும் மேலே, ஊட்டப்படுபவர் கீழே. ஊட்டப்படுபவர் செய்யவேண்டியது வாயைத் திறப்பது ஒன்றே. அன்றியும், பிள்ளைக்குச் சோறூட்டுவதால் தாயின் தாய்மை குறைவதில்லை. அதிகாரத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. ஒரு தீர்மானத்தை எடுக்கும் உரித்து என்னிடமிருந்து உங்களிடம் வருமாயின், அத்தீர்மானத்தை நான் தனித்தெடுக்கும் உரித்து அவ்வளவுக்குக் குறையும். அதிகாரமளித்தல் அளிப்பவருக்குச் செலவு வைப்பது; வலுவூட்டல் ஊட்டுபவருக்குப் புகழ் மட்டுமே சேர்ப்பது. பின்னையது இத்துணை விரைவாகப் பரவியமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. சிங்களத்தில் வழங்கும் ‘சவிபல கென்வீம’ என்பதும் பலமூட்டலே. ஹிந்தியின் ‘சசக்திகரண்’ என்பதும் சக்தியுடையதாக்கலே. இந்தியத் தமிழிலோ மத்திய அமைச்சின் பெயரிலேயே ‘அதிகாரமளித்தல்’ இடம்பெற்றுள்ளது. அங்கு இச்சொல்லால் நடைமுறை சீராகிவிட்டது என நான் கூறவரவில்லை. ஆயினும், அந்தப் பெயர்ப்பலகையைக் காணும் ஒருவர் ‘எங்கே அந்த அதிகாரம்?’ என்று கேட்கலாம். நமது பெயர்ப்பலகையின் முன் நின்று கேட்பதற்கு அத்தகைய கேள்வியே இல்லை.

வேறொன்றையும் நினைவுகூர்தல் தகும். 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது, நமது அரசியலாளரும் பத்திரிகைகளும் ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்றே எழுதினர். ‘அதிகாரப் பகிர்வு’ என்றும் எழுதினர். கொழும்பு மாகாணங்களை ‘வலுவூட்டினாற்’ போதும் என எந்தத் தமிழ்த் தலைவரும் மேடையேறிச் சொல்லத் துணியமாட்டார். காணி யாருக்கு, பொலிசு யாருக்கு என்ற கேள்விகளை மூடிமறைக்கும் சொல் அது என்பதை அவர் உடனே உணர்வார். நமக்கென அதிகாரம் கோரும்போது ‘பவர்’ அதிகாரமாகின்றது. நமது வீட்டுப் பெண்ணுக்கும் நமது ஊர் ஏழைக்கும் அது வழங்கப்படவேண்டி வரும்போது வெறும் வலுவாகிவிடுகின்றது. ஆங்கிலச் சொல் ஒன்றே. அதனைத் தமிழாக்கும் கை, பெறுபவர் யாரெனப் பார்த்து இரண்டு அளவைகளைப் பயன்படுத்துகின்றது. இவ்வேறுபாட்டுக்கு அகராதி பொறுப்பன்று.

6

இதனால் உண்மையில் விளையும் தீங்கு யாது எனக் கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். அவளுக்குத் தையற் பயிற்சி அளிக்கப்படுகின்றது. இறுதிநாளிலே தையல் இயந்திரமும் சான்றிதழும் வழங்கப்படுகின்றன. வலுவூட்டல் நிறைவேறியதாக அறிக்கை எழுதப்படுகின்றது. அவளுக்குச் சீதனமாக வந்த காணியும் உண்டு. தேசவழமைக்குட்பட்டோரின் மணவுரிமை, மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்த அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. அச்சம்மதம் கிடைக்காதவிடத்து அவள் நீதிமன்றத்தை நாடவேண்டும். கணவனுக்கு அத்தகைய தடையேதும் விதிக்கப்படவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக இவ்விதி நின்று நிலவியது. பயிற்சி எத்தனை பெற்றாலும் உறுதி எழுதும் நொத்தாரிசின் முன் அவளது தனிக் கையொப்பம் போதாது. அவளிடம் இல்லாதது வலுவா, அதிகாரமா?

‘எம்பவர்’ என்பதன் முதற் பொருளை நெஞ்சிலிருத்திய ஒருவர் அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதே கைவைப்பார். ‘வலுவூட்டல்’ என்பதை நெஞ்சிலிருத்தியவருக்கு இன்னொரு தையல் இயந்திரமே நினைவுக்கு வரும்.

நுண்கடன் மற்றோர் எடுத்துக்காட்டு. போர் 2009இல் முடிந்த பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் பெண்களை வலுவூட்டும் வழியெனக் கூறிக்கொண்டு கடன்கள் வீடுதேடி வந்தன. கிழமைதோறும் தவணைப்பணம் அறவிடப்பட்டது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெறும் நிலைக்குப் பல குடும்பங்கள் தள்ளப்பட்டன. 2018இல், வறட்சியினாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களைச் சேர்ந்த பெண்களின் நுண்கடன்களை ஒரு குறித்த எல்லைவரை தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்க நேர்ந்தது. வட்டிவீதத்தைத் தீர்மானிப்பதிலோ தவணையை நிர்ணயிப்பதிலோ கடன்பட்ட பெண்ணுக்கு யாதொரு பங்கும் இருக்கவில்லை. ஆயினும் அவள் வலுவூட்டப்பட்டவளாகவே கணக்கிடப்பட்டாள். மூன்றாவது இடத்தை, அதாவது ‘எதைச் செய்ய?’ என்பதை நிரப்புமாறு அக்கடன் வழங்குநரை அன்றே கேட்டிருந்தால், ‘கடன்படுவதற்கு’ என்பதைவிட வேறு விடை கிடைத்திராது.

இவற்றுக்கு மாறான எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. உள்ளூராட்சி மன்றங்களில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு என 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. அதற்கு முன்னர் அம்மன்றங்களிற் பெண்களின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இருக்கவில்லை. அவ்விதி நடைமுறைக்கு வந்த 2018ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் ஐந்திலொரு பங்கைத் தாண்டியது. மன்றங்களுக்குள்ளே அப்பெண்கள் எதிர்கொண்ட இடர்கள் பலவாயினும், அவர்களது கை உயர்ந்தால் அது ஒரு வாக்கு. அவர்களுக்கு வலு ஊட்டப்பட்டதா என்பதை எவரும் அளக்கத் தேவையில்லை. அங்கு நாற்காலி கைமாறியது. நாற்காலியை இழந்த ஆண்கள் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பே அதிகாரம் இடம்பெயர்ந்தமைக்குச் சான்று. செயலமர்வு முடிவில் எவரும் முணுமுணுப்பதில்லை.

7

என் வாதத்துக்கு எதிராகக் கூறப்படத்தக்க நான்கு நியாயங்களுக்கு விடையளித்தல் வேண்டும்.

முதலாவது, சொல்லின் பிறப்பைக் கொண்டு அதன் இன்றைய பொருளை விதித்தல் மொழியியலுக்கு ஒவ்வாது என்பது. இது சரியான கூற்று. வேரை மட்டும் காட்டி நான் வாதிட்டிருந்தால் அக்குற்றம் என்மீது சாரும். நான் காட்டியது நெடுங்கால வழக்கையும் வாக்கிய அமைப்பையும் ஆகும். ஆங்கிலச் சட்டங்களிலே இவ்வினை மூன்று இடங்களோடு இன்றும் வழங்குகின்றது. அப்பொருள் இறந்துபட்டதன்று, பதாகையில் மாத்திரமே அது மறக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, ‘அதிகாரம்’ என்பது வடசொல் என்றும், ‘அதிகாரம் பண்ணாதே’ என்னும் வழக்கிற்போல அது ஆணவத்தைச் சுட்டும் என்றும் கூறுவது. வடமொழியில் அச்சொல், ஒரு கருமத்தைச் செய்வதற்கான உரித்தையும் தகுதியையும் குறித்தது. அயல்மொழியாகிய ஹிந்தியில் இன்றும் அது ‘உரிமை’ என்ற பொருளிலேயே வழங்குகின்றது. ஆகவே, ‘எதைச் செய்ய?’ என்ற கேள்வி அதன் மரபிலேயே அடங்கியுள்ளது. நமது பேச்சுவழக்கில் அது கசப்பதற்குக் காரணம், நாம் கண்ட அதிகாரமெல்லாம் பிறர் நம்மீது செலுத்தியதாக இருந்தமையே. சொல் கசக்கின்றது என்பதற்காகப் பொருளை விட்டுக்கொடுத்தல் ஆகாது. தனித்தமிழே வேண்டுவோர் ‘உரித்தளித்தல்’ என்று ஆளட்டும், எனக்கு மறுப்பில்லை.

மூன்றாவது, தன்னம்பிக்கையும் அறிவும் உடல்நலமும் இல்லாதவருக்கு அதிகாரம் கொடுத்துப் பயனென்ன என்பது. இது வலுவான நியாயம். ஜோன்சனின் இரண்டாவது பொருளும் இதற்கு அரண் செய்யும். அச்சத்தில் வளர்க்கப்பட்ட ஒருத்திக்கு, வாயைத் திறந்து பேசும் துணிவே முதல் விடுதலையாயிருத்தல் கூடும். ஆயின், அத்துணிவை வளர்த்தலைத் துணிவு வளர்த்தல் என்போம். பயிற்சியைப் பயிற்சி என்போம். ‘முதலில் வலு, பின்னர் அதிகாரம்’ என்ற வாய்பாட்டை நாம் முன்னரும் கேட்டிருக்கின்றோம். 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டபோது, கல்வியறிவற்றோர் அதற்கு இன்னும் பக்குவமடையவில்லை எனத் தலைவர்கள் சிலர் தடுத்தனர். பக்குவம் வரும்வரை காத்திருக்கச் சொன்னோருக்கு அப்பக்குவத்தை அளக்கும் கோல் எப்போதும் தம் கையிலேயே இருந்தது. வாக்குரிமை பெற்ற பின்னரே மக்கள் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் கேட்டுப் பெற்றனர்.

நான்காவது, சொல் நிலைபெற்றுவிட்டது, இனி மாற்ற இயலாது என்பது. கலைச்சொற்கள் மாற்றப்பட்ட வரலாறு நமது துறைகளில் நிறையவே உண்டு. இது இயலாமை பற்றிய நியாயமன்று, சோம்பல் பற்றியது.

8

இறுதியாக, நடைமுறைக்குரிய சிலவற்றை முன்வைக்கின்றேன். பலப்படுத்தும் வினைகள் அனைத்தையும் ஒரே பானையிலிட்டுக் கிண்டுவதை நாம் நிறுத்தவேண்டும். சுவரையும் நிறுவனத்தையும் உறுதியாக்குவது வலுப்படுத்தல். அதற்கு அச்சொல் பொருத்தமானதே. திறனும் துணிவும் தருவது ஆற்றல் வளர்த்தல். சட்டத்தாலோ விதியாலோ ஒரு கருமத்தைச் செய்யும் உரித்தை வழங்குவது அதிகாரமளித்தல். ஒடுக்கப்பட்டோர் தாமே திரண்டு அவ்வுரித்தை வென்றெடுப்பது அதிகாரம் பெறல். இந்நான்கும் நான்கு செயல்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றின் பெயரை அதற்குச் சூட்டுவது நேர்மையன்று.

ஆய்வேடு எழுதும் மாணவ நண்பர்களுக்கும் அதனை மேற்பார்வை செய்யும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘வலுவூட்டல்’ என எழுத நேருமிடமெல்லாம் பேனாவைச் சற்று நிறுத்தி, மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இங்கே யார் அளிக்கின்றார்? யார் பெறுகின்றார்? எதைச் செய்ய? இவற்றோடு, அளித்தவரிடம் என்ன குறைந்தது என்பதையும் கேளுங்கள். ஒன்றும் குறையவில்லையாயின், அங்கு நடந்தது பயிற்சியாகவோ தானமாகவோ கடனாகவோ இருக்கலாம். அவற்றுக்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல பெயர்கள் இருக்கின்றன.